புவென்தே சீக்கோவின் ராசியில்லாத ஆள்

புவென்தே சீக்கோ கால்பந்து கிளப்பின் வரலாற்றை எழுதியவர்கள் அந்த வருடத்துக்கு ஒரே ஒரு வரி கொடுத்திருக்கிறார்கள்: ஒரு புள்ளி வித்தியாசத்தில் இரண்டாம் டிவிஷனுக்கு ஏறும் வாய்ப்பு கைநழுவியது. நசரேனோவின் பெயர் எங்கேயும் இல்லை. எப்படி இருக்கும்? அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னாலே ஆகாது என்று இருந்தவர்கள், அச்சில் மட்டும் போட்டுவிடுவார்களா என்ன?

ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம் தோல் பதனிடும் ஆலை, இந்தப் பக்கம் மைதானம், நடுவில் நசரேனோவின் பேக்கரி. ஆலைத் தொழிலாளர்கள் சேர்ந்து ஆரம்பித்த கிளப் அது. அவர்கள் முதன்முதலாக இறக்கிய அணியில் நசரேனோவின் அப்பா ஆடியிருக்கிறார். பிள்ளை பிறந்ததும், பிறப்பைப் பதிவு செய்வதற்கு முன்னால், அவன் பெயரில் கிளப் சந்தா கட்டிவிட்டு வந்த மனிதர். அப்பேர்ப்பட்ட வீட்டுப் பிள்ளைக்குத்தான் மைதானத்தின் கதவு சாத்தப்பட்டது.

ஆரம்பம் என்னவோ சின்ன விஷயம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்பு வேலை முடியத் தாமதமாகி, இடைவேளைக்குப் பிறகு உள்ளே போனார். இரண்டு கோல் முன்னால் இருந்த அணி, அவர் உட்கார்ந்த பிறகு வரிசையாக மூன்று வாங்கித் தோற்றது. எல்லோரும் சிரித்தார்கள். இன்னொரு நாள் கோல்கீப்பரின் தோளைத் தட்டி, "இன்னைக்குக் கலக்கிடு தம்பி" என்றார். ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் அந்தப் பையனுக்கு மணிக்கட்டு முறிந்தது. அப்போதே சிரிப்பு குறைந்துவிட்டது. பிறகு இவர் காய்ச்சலில் படுத்துக் கிடந்த வாரம் அணி ஐந்து கோல் போட்டு ஜெயித்ததா, தீர்ந்தது கதை. ராசியில்லாதவர் என்று முத்திரை குத்திவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் வெறும் "அந்த ரொட்டிக்காரர்". அதைச் சொல்லும்போதுகூட ஆண்கள் இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டு, தோஷம் கழிய எதைத் தொட வேண்டுமோ அதைத் தொட்டுக்கொள்வார்கள். பெண்கள் இடது மார்பில் கை வைப்பார்கள். வாரம் முழுக்க அவர் கடை ரொட்டியைத் தின்பவர்கள், ஆட்டம் இருக்கிற ஞாயிறு மட்டும் ரயில் கேட்டைத் தாண்டிப் போய் வேறு கடையில் வாங்குவார்கள்.

நசரேனோ கோபப்பட்டாரா என்றால், அதுதான் இல்லை. அவரும் அதே மண்ணில் வளர்ந்தவர்தானே. முன்பு ஒரு தபால்காரரை இப்படி ஒதுக்கியபோது இவரும் பைக்குள் கை விட்டவர்தான். தன்னால் அணிக்குக் கெடுதல் வந்துவிடக் கூடாது என்று வானொலியைக்கூடக் கேட்க மாட்டார். மனைவி இல்டா பின்கட்டில் கேட்டுவிட்டு வந்து முடிவைச் சொல்வாள். அவருக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை உள்ளே உட்கார்ந்து, கோல் விழும்போது பக்கத்தில் இருப்பவனைக் கட்டிப்பிடித்துக் கத்த வேண்டும். பதினைந்து வருடமாக அந்த ஆசை தொண்டையிலேயே நின்றது.

அந்த வருடப் போட்டிகளின் கடைசி ஞாயிறு வந்தது. எல் மோலினோ கிளப் ஒரு புள்ளி முன்னால். அவர்கள் தங்கள் ஊரில் தோற்று, புவென்தே சீக்கோ இங்கே ஜெயித்தால் இரண்டாம் டிவிஷன். வெள்ளிக்கிழமை மத்தியானம் கிளப் தலைவர் ரோகே, கமிட்டி ஆட்கள் இரண்டு பேரோடு பேக்கரிக்குள் நுழைந்தார்.

"நசரேனோ!" என்றார். பெயரைச் சொல்லியே கூப்பிட்டார்.

நசரேனோவுக்குக் கையிலிருந்த மாவு நழுவியது. மைதானத்துக்குக் கூப்பிட வந்துவிட்டார்கள் என்றே நினைத்தார்.

ரோகே ஒரு டிக்கெட்டை மேஜைமேல் வைத்தார். அதில் எல் மோலினோவின் முத்திரை இருந்தது.

"அவனுங்க கேலரிக்கா?" என்றார் நசரேனோ.

"சும்மா போய் உக்காந்தா வேலைக்கு ஆகாது" என்றார் ரோகே. "நாம ஜெயிக்கணும்னு நீ மனசார நெனச்சதாலதான நாம தோத்தோம்? அதே மாதிரி அவனுங்க ஜெயிக்கணும்னு மனசார நெனைக்கணும். உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணுன்னு இருக்கக் கூடாது. கிளப்புக்காக இதச் செய்யி."

இல்டா பின்கட்டிலிருந்து வந்தாள். "நல்லா இருக்குய்யா உங்க நியாயம்! இவரு தரித்திரம்னு ஒதுக்கி வெச்சீங்க. இப்ப அந்தத் தரித்திரத்த வாடகைக்கு எடுக்க வந்தீங்களாக்கும்?"

"விடு இல்டா" என்று நசரேனோ டிக்கெட்டை எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை எல் மோலினோ கேலரியில், வேர்க்கடலைப் பொட்டலத்தோடு ஒரு குண்டு மனிதர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பஸ் ஓட்டுகிறவர், பெயர் எவரிஸ்தோ.

"உங்கள இங்க பார்த்ததே இல்லையே அண்ணே. பேரு என்ன?"

பயந்துகொண்டே சொன்னார். எவரிஸ்தோவின் கை எங்கேயும் போகவில்லை. "நசரேனோ அண்ணே, கடலை எடுங்க" என்று பொட்டலத்தை நீட்டினார். பின்வரிசைக்காரனைத் திரும்பிப் பார்த்து, "டேய், இது நம்ம நசரேனோ அண்ணன்" என்று அறிமுகமும் செய்தார்.

ஜெயிங்கடா, ஜெயிங்கடா என்று நசரேனோ மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். முதலில் மருந்து குடிப்பதுபோல் இருந்தது. சற்று நேரத்தில் எல் மோலினோ முதல் கோல் போட்டது. எவரிஸ்தோ அவரை அலாக்காகத் தூக்கிவிட்டார். தெரியாத ஆட்களெல்லாம் மேலே வந்து விழுந்தார்கள். வியர்வையும் கடலைத் தோலுமாக யார் யாரோ கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். நசரேனோவும் கத்தினார். யாருக்காகக் கத்துகிறோம் என்ற நினைப்பே அவருக்கு அப்போது இல்லை.

எல் மோலினோ மூன்றுக்குச் சைபர் என்று ஜெயித்தது. அங்கே புவென்தே சீக்கோவும் ஜெயித்திருந்தது. ஜெயித்து என்ன பிரயோஜனம்? அந்த ஒரு புள்ளி அப்படியே நின்றது.

அவர் ஊர் திரும்பியபோது பேக்கரி வாசலில் கூட்டம். ரோகேயின் முகம் இருண்டிருந்தது.

"உண்மையச் சொல்லு. அவனுங்கள மனசார வாழ்த்துனியா?"

ஆமாம் என்றால், அவர் ஆசைப்பட்ட அணி ஜெயித்திருக்கிறது. அப்படியானால் அவர் ராசியில்லாதவர் இல்லை. அந்த ஒரு சொல்லில் பதினைந்து வருடப் பழி போய்விடும். ஆனால் எல் மோலினோவுக்காக மனசாரக் கத்தியவனை அந்தத் தெருவில் ஒருவரும் மன்னிக்க மாட்டார்கள், அவரைப் பெற்றவரே உயிரோடு இருந்தாலும் மன்னிக்க மாட்டார்.

"இல்ல தலைவரே" என்றார் கரகரத்த குரலில். "எவ்வளவோ பார்த்தேன். மனசு வரல."

ரோகேயின் கண் கலங்கிவிட்டது. "எனக்குத் தெரியும்யா. நம்ம ரத்தம் அவனுங்கள எப்படி வாழ்த்தும்?" என்று அவரைக் கட்டிக்கொண்டார். கூட்டம் கைதட்டியது. ஒரு கிழவர் நசரேனோவின் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். ஆனால் அடுத்த பருவத்துக்கு மைதானத்துக்கு வாங்க என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. ஆள் நம்மவன், ராசிதான் இல்லை என்று பேசிக்கொண்டே கலைந்தார்கள்.

இல்டா கடைக் கதவைச் சாத்தினாள். பால் காய்ச்சித் தேன் விட்டுக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"தொண்டை ஏன்யா இப்படிக் கட்டியிருக்கு?"

நசரேனோ கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"மூணு கோல் இல்டா" என்றார் மெதுவாக. "மூணுக்கும் கத்துனேன்."