போப்பாண்டவருக்கும் சேர்த்து

சண்முகசுந்தரத்துக்கு நெய்வேலியில் இரண்டு வேலை. ஒன்று, சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பார்ப்பது. இன்னொன்று, மாதத்தின் கடைசி ஞாயிறு மதியம் மனமகிழ் மன்றத்தில் படம் சொல்வது. முதல் வேலைக்குச் சம்பளம் உண்டு. கடைவீதியில் அவரை நிறுத்திப் பேசுகிறவர்கள் இரண்டாவதைப் பற்றித்தான் பேசுவார்கள்.

மன்றத்தின் ஃபிலிம் கிளப்பில் வெளிநாட்டுப் படங்கள் போடுகிறார்கள். கீழே ஆங்கில எழுத்து ஓடும். ஒன்றைப் படித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். ஒருமுறை ஜப்பானியப் படம் ஓடிக்கொண்டிருந்தபோது சண்முகசுந்தரம் பொறுக்க முடியாமல், "அந்தம்மாவுக்கு எல்லாம் தெரியுதுங்க, தெரியாத மாதிரி நிக்குது" என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னார். பின்வரிசையில் இருந்து, "எங்களுக்கும் சொல்லுங்க சார்" என்றார்கள். அடுத்த மாதம் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். அவர் தாராபுரம் பக்கத்து ஆள். டவுன்ஷிப்புக்கு வந்து பாதி ஆயுளுக்கு மேல் ஆகிவிட்டதால் பேச்சு எந்த ஊரையும் சேராததாகிவிட்டது. மைக்குக்கு அது தோதாக இருந்தது.

படத்தை வீட்டில் முன்கூட்டியே பார்ப்பார். வார்த்தைக்கு வார்த்தை சொல்லமாட்டார். பிரெஞ்சுக்காரன் மேயரைப் பார்க்கப் போனால், "யூனியன் ஆபீசுக்குப் போறான்" என்பார். மனைவி தேவயானி, "நீங்க சொல்றது வேற படம்" என்பாள்.

"அந்தப் படம் யாருக்குப் புரியும்?" என்பார்.

சென்ற தை மாதம் வந்த படம் அவரை மடக்கியது. கத்தோலிக்கர்களைக் கேலி செய்யும் இத்தாலியப் படம். ரொட்டிக்கடைக்காரன் ஒருவன் செய்த பாவங்களை ஒப்புக்கொள்ள வேண்டிய பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் பொய் சொல்லிவிட்டு, கோயில் படி இறங்கும்போதே செத்துப்போகிறான். அவனுக்குச் சொர்க்கமும் கிடைக்கவில்லை, நரகமும் கிடைக்கவில்லை. பஸ் டிப்போ போன்ற ஒரு கூடத்தில் பெஞ்சில் உட்காரவைக்கிறார்கள். அவ்வப்போது ஒலிபெருக்கியில் ஒரு பெயர் வருகிறது. அந்த ஆள் எழுந்து போகிறார். மற்றவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். சிரிப்பு எங்கே இருக்கிறது என்று சண்முகசுந்தரத்துக்குத் தெரியவில்லை. அது தெரியாமல் ஒரு படத்தைச் சொல்ல முடியாது.

தேவயானியின் ரவிக்கையை வாங்கப் போனபோது தையல்கடை அன்புக்கரசியிடம் கேட்டார். அவருக்குத் தெரிந்த கத்தோலிக்கர் அவள்தான்.

"ஏம்மா, உங்கள்ல செத்ததுக்கு அப்புறம் நடுவுல ஒரு எடம் இருக்காமே?"

அன்புக்கரசி மெஷினை நிறுத்தினாள். "உத்தரிக்கிற ஸ்தலம். ஏன் சார், இப்பவே விசாரிக்கிறீங்க?"

"படத்துல வருது. அங்க யாரு போவாங்க?"

"நம்மள மாதிரி ஆளுங்கதான். நரகத்துக்குப் போற அளவுக்குத் தப்பு பண்ணியிருக்க மாட்டாங்க. நேரா மேல போற அளவுக்குச் சுத்தமும் கிடையாது. அங்க காத்துகினு இருக்கணும். கீழ இருக்கறவங்க செபம் பண்ணி, பூசை வெச்சா சீக்கிரம் கூப்புடுவாங்க."

"எத்தனை நாள் ஆகும்?"

"அதான் யாருக்கும் தெரியாது."

அவருக்குச் சட்டென்று விளங்கியது. மேலே பர்மனன்ட். நடுவில் காண்ட்ராக்ட். சிபாரிசு வந்தால் பெயர் கூப்பிடுவார்கள். இதை மைக்கில் சொன்னால் மன்றமே எழுந்து நின்று கைதட்டும். சந்தோஷத்தில் வாயைத் திறந்தவர், சுவரில் மாலை போட்டிருந்த துரைராஜின் படத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். அன்புக்கரசியின் கணவர். சுரங்கத்தில் கடைசிவரை காண்ட்ராக்டில் இருந்தவர். ஒரு காலையில் டீ குடித்தார், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார், உட்கார்ந்தார், போய்விட்டார்.

"இவரும் அங்கதான் இருந்தாரு" என்றாள் அவள், ஷிப்ட் சொல்வதுபோல. "ரெண்டு வருஷம் மாசாமாசம் பூசை வெச்சேன். போன வருஷத்தோட நிறுத்திட்டேன். கெட்ட மனுசன் இல்ல, இந்நேரம் போயிருப்பாருன்னு ஒரு நெனப்பு. ஃபாதரைக் கேட்டா நம்பிக்கையா இரும்மான்றாரு. நம்பிக்கை இருக்குது. போய்ட்டாரா இல்லையான்னுதான் தெரியல." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "படத்துல அந்த எடத்தக் காட்றாங்களா?"

"காட்றாங்க. ஆனா கேலிப்படம்மா. நீ வராத."

"கேலின்னா இன்னா சார்? எங்க கோயில்ல மோட்சம் வரைஞ்சிருக்காங்க, நரகம் வரைஞ்சிருக்காங்க. இதை மட்டும் யாருமே வரையல. எப்படி இருக்குதுன்னு ஒரு தடவ பாக்கணும்."

வீட்டில் தேவயானி விஷயத்தைக் கேட்டதும் கோபப்பட்டாள். "அந்தப் பொண்ணை உக்காரவெச்சிகிட்டு காண்ட்ராக்ட்டுனு சொல்லப் போறீங்களா?"

"வேற என்ன சொல்றது?"

"வெயிட்டிங் ரூம்னு சொல்லுங்க."

அது நாக்கில் ஒட்டவில்லை. ஆனாலும் அதையே சொல்வதென்று முடிவு செய்தார். இரண்டு நாள் குளிக்கும்போதெல்லாம் வெயிட்டிங் ரூம், வெயிட்டிங் ரூம் என்று சொல்லிப் பார்த்தார்.

ஞாயிறன்று அன்புக்கரசி கோயிலுக்குப் போகும் பட்டுப்புடவையில் வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தாள். படம் தொடங்கியது. ரொட்டிக்கடைக்காரன் பொய் சொன்னான், படி இறங்கினான், செத்தான். மன்றம் சிரித்தது. கூடம் வந்தது. நீளமான பெஞ்சுகள். ஒருத்தி ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். ஒரு கிழவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அன்புக்கரசி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்ததை சண்முகசுந்தரம் பார்த்தார். பார்த்துக்கொண்டே மைக்கில் சொன்னார்:

"இங்க எல்லாரும் காண்ட்ராக்டுங்க. பர்மனன்ட் ஆர்டருக்குக் காத்திருக்காங்க."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. மன்றம் வெடித்தது. "ரிடையர் ஆகறதுக்குள்ள வருமா சார்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "செத்தப்புறமும் கேட் பாஸா!" என்றார் இன்னொருவர். கைதட்டல் அடங்கவில்லை. அவர் இரண்டாவது வரிசைப் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்தடுத்த வசனங்களைத் தரையைப் பார்த்துச் சொன்னார்.

பெஞ்சின் கோடியில் ஒரு போப்பாண்டவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளை அங்கி, காலில் வீட்டுச் செருப்பு. அந்தக் கூடத்திலேயே அதிக காலமாகக் காத்திருப்பவர். நீங்கள் எப்படி இங்கே என்று ரொட்டிக்கடைக்காரன் கேட்கிறான். வீட்டில் பார்த்தபோது சண்முகசுந்தரம் அதில் ஒன்றும் காணவில்லை. வேகமாகக் கடந்துவிடலாம் என்று நினைத்து, உள்ளபடியே சொன்னார்:

"நான் நேரா மேல போயிட்டேன்னு உலகமே நெனச்சுருச்சு. அதனால எனக்கு ஒருத்தர்கூட செபம் பண்ணல."

யாரும் சிரிக்கவில்லை. அன்புக்கரசி மட்டும் சிரித்தாள். முதலில் தொண்டையில் ஒரு சத்தம், பிறகு முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, தோள் குலுங்க. முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளால் நிறுத்த முடியவில்லை. பிறகு, இழுத்த கதவு சாத்திக்கொண்டதுபோல, நின்றுவிட்டது. முந்தானை வாயிலேயே இருந்தது.

சண்முகசுந்தரம் சொல்ல மறந்துவிட்டார். படம் இத்தாலிய மொழியில் தனியாக ஓடியது. "மைக் அவுட்டா சார்?" என்றார்கள்.

படம் முடிந்ததும் அவள் சைக்கிள் ஸ்டாண்ட் அருகில் நின்றுகொண்டிருந்தாள்.

"வெயிட்டிங் ரூம்னுதாம்மா சொல்ல நெனச்சேன்" என்றார். "வாய் தவறிருச்சு."

"அது சரியாத்தான் சொன்னீங்க சார். அவருக்குப் பழக்கமான எடந்தான். பெஞ்சு கிஞ்செல்லாம் நல்லாத்தான் போட்டிருக்கான்." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அந்தப் போப்பாண்டவரு சொன்னாரு பாருங்க" என்றாள்.

"அது சும்மா கேலிம்மா. எவனோ உக்காந்து எழுதினது."

"எழுதினவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. போய்ட்டாருன்னு நானே முடிவு பண்ணிகினு நிறுத்திட்டேனே, அவரு பேரு வருமான்னு பாத்துகினு ஒக்காந்திருந்தாருன்னா?"

அவர் ஸ்கூட்டரை எடுத்தார். "கோயில் வரைக்கும் விட்டுடறேன். நானும் உள்ள வரலாமா?"

"யார் வேணாலும் வரலாம்."

மாலைப் பூசைக்கு நேரம் இருந்தது. கோயில் பக்கத்து அறையில், ஃபாதருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் பூசைக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். அன்புக்கரசி துரைராஜ் பெயரைச் சொன்னாள். அவர் எழுதினார்.

"இன்னொண்ணு. போப்பாண்டவருக்கு."

உபதேசியார் நிமிர்ந்தார். "எந்தப் போப்பாண்டவருக்கு?"

அவள் சண்முகசுந்தரத்தைப் பார்த்தாள். "சார், அவரு பேரு இன்னா?"

"படத்துல பேரே சொல்லலியேம்மா. அதுவும் அவரு நடிகருதான்."

"நடிகரும் ஒருநாள் போவாரு இல்ல? நல்லா சிரிக்க வெச்சாருன்னு எல்லாரும் அப்படியே வுட்ருவாங்க." உபதேசியார் பக்கம் திரும்பினாள். "பேரு தெரியாதுங்க. அவருக்குன்னு யாரும் வெக்கல, அதான்."

உபதேசியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எந்தப் படம், எந்த நடிகர் என்று கேட்கவில்லை. "பேரு தெரியலன்னா, யாரும் நினையாத ஆத்துமாக்களுக்குன்னு ஒரு பூசைக் கருத்து இருக்குதும்மா. அதுல போட்டுக்கலாம்."

"போடுங்க. அதுல அவரு வந்துருவாரு."

அவர் எழுதி முடிக்கும்வரை சண்முகசுந்தரம் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேஜைப் பக்கம் ஓர் அடி வைத்தார்.

"ஒரு சந்தேகமுங்க. அந்த யாரும் நினையாதவங்கள்ல, இந்தக் கோயிலுக்கு வராத எங்க ஆளுங்களும் வருவாங்களா?"

உபதேசியார் பேனாவை மூடினார்.

"அத ஃபாதரைத்தான் கேக்கணும்" என்றார். "ஒக்காருங்க, வந்துடுவாரு."