கைரத்தின் ஆட்டுத்தோல் கோட்டு

கனிம்ஜான் அக்காவுக்கு வாய் அதிகம். சந்தையில் குதிரைப்பால் விற்பவள். புருஷன் குடித்தே போய்ச் சேர்ந்த பிறகு, யார் தயவும் இல்லாமல் தாலந்த், கைரத் என்ற இரண்டு மகன்களை ஆளாக்கினாள். சின்னவன் கைரத்தைத் துப்பாக்கி கொண்டுபோனது. மிஞ்சிய பெரியவனைக் காப்பாற்ற அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரன் நான்தான் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு அலைந்தேன்.

அண்ணனும் தம்பியும் மலையாடு வேட்டைக்குப் போயிருந்தார்கள். கைரத் முதலில் பாறைமேல் ஏறினான். கீழே நின்ற தாலந்த் துப்பாக்கியை நீட்ட, அவன் குழல் பக்கம் பிடித்து இழுத்தானாம். விசை முட்புதரில் மாட்டிக்கொண்டு வெடித்துவிட்டது. தம்பியைக் குதிரைமேல் போட்டுக்கொண்டு தாலந்த் ஊருக்குள் வந்த கோலத்தை நான் பார்த்தேன். அவனைச் சந்தேகப்பட எனக்கு மனசே வரவில்லை.

எங்கள் நரின் மலைப்பக்கத்தில் நாங்கள் பிணத்தைப் போட்டு வைப்பதில்லை. பொழுது சாய்வதற்குள் குளிப்பாட்டி அடக்கம் செய்துவிட்டோம். செத்தவரின் உடுப்பு குளிப்பாட்டியவருக்குத்தான் போகும். கைரத் அன்று போட்டிருந்த ஆட்டுத்தோல் கோட்டை மோல்தோபாய் கிழவர் வாங்கிக்கொண்டு போனார். போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒரு புத்திசாலிக்கும் தோன்றவில்லை.

கைரத்தின் மச்சான்களுக்கு, அவன் மனைவியின் அண்ணன் தம்பிகளுக்கு, தோன்றியது. ஒரு குதிரையை வைத்து அண்ணன் தம்பிக்குள் தகராறு இருந்தது. அதைச் சொல்லிக் கொலை என்று புகார் கொடுத்தார்கள். தாலந்தைப் பிடித்துப் போனார்கள். புதைத்த உடலைத் தோண்டி எடுத்தார்கள்.

பரிசோதனை செய்த நிபுணர் எர்மெக், அக்காவை உட்கார வைத்துப் பேசினார்.

"அம்மா, நெஞ்சுல சின்னதா ஒரு ஓட்டை, விளிம்புல தோல் உரசியிருக்கு. குண்டு உள்ள போன வழி அது. முதுகுல பெரிசா கிழிஞ்சிருக்கு, அது வெளிய வந்த வழி. ஆனா கிட்ட இருந்து சுட்டா சுத்தி கரி படியும், எரியாத வெடிமருந்துத்துகள் தோல்ல குத்தி நிக்கும். இதுல ஒண்ணுமே இல்ல."

"குளிப்பாட்டினோமே தம்பி!"

"கரி போயிடும். குத்தின துகள் போகாது. ஒண்ணு, தூரத்துல இருந்து சுட்டிருக்கணும். இல்ல, போட்டிருந்த துணி அந்தத் துகளையெல்லாம் தடுத்திருக்கணும்."

"ஆட்டுத்தோல் கோட்டுய்யா! குளிரே உள்ள போகாது, துகளா போகும்?"

"அப்ப அதைப் பாத்தாகணும். போலீசு போய் எடுத்துட்டு வரட்டும். நீங்க தொடாதீங்க."

வெளியே வந்ததும் அக்கா என் கார்க் கதவை இழுத்துத் திறந்தாள். "போலீசு கிளம்புறதுக்குள்ள பனி விழுந்து பாதையே மூடிடும். நீ வண்டிய எடு."

மோல்தோபாய் மலையில் மந்தையோடு இருந்தார். கோட்டு அவர் உடம்பிலேயே இருந்தது.

"குடுத்ததைத் திருப்பிக் கேக்க வந்தியா கனிம்ஜான்? வெக்கமா இல்ல?"

"என் பிள்ளை ஜெயில்ல கிடக்கான். கழட்டுய்யா!"

கிழவர் கழற்றிக் கொடுத்தார். அவர் மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. "ஒரே ரத்தமும் கருப்பும். புளிச்ச மோரும் உப்பும் போட்டுத் தேச்சேன் பாரு, புதுசாட்டம் வந்துடுச்சு. நெஞ்சு ஓட்டைக்கு உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு, ரெண்டு ஒட்டும் போட்டேன்."

நெஞ்சுப் பக்கத்து வெளி ஒட்டை அக்கா பல்லால் கடித்துப் பிரித்தாள். ஓட்டை இருந்தது. அதைச் சுற்றித் தோல் வெள்ளை வெளேரென்று இருந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

காருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு நான் திரும்பியபோது, அடுப்பருகே கோட்டை மடியில் மடித்து வைத்திருந்தாள். குளிர் காய்கிறாள் என்று நினைத்தேன்.

எர்மெக் கோட்டை மேசைமேல் விரித்தார். ஓட்டையைச் சுற்றிக் கன்னங்கரேலென்று இருந்தது. விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"என்னம்மா இது? சட்டிக் கரி. கொழுப்புப் பிசுக்கு ஒட்டுது."

அவர் கோட்டைத் திருப்பி, உள் ஒட்டின் தையலைக் கத்தரித்தார். அந்த ஒட்டை யாரும் பிரிக்கவே இல்லை. கீழே ரோமம் கருகிச் சுருண்டிருந்தது. அதற்குள் மணல்போலக் கறுப்புத் துகள்கள். வெகுநேரம் லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"குழல் கோட்டை ஒட்டித்தான் இருந்திருக்கு. உங்க பிள்ளை சொன்னது உண்மைதான் போல."

"அப்ப விட்டுடுவாங்கல்ல தம்பி? விட்டுடுவாங்கல்ல?"

"வெளிய கரி பூசினவ உள்ள எதையெல்லாம் வச்சுத் தச்சாளோன்னு கோர்ட்டுல கேப்பாங்களே. நான் என்னம்மா சொல்லுவேன்?"

அப்படித்தான் கேட்டார்கள். எர்மெக் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார், எடுபடவில்லை. தொட்டுக் கெடுத்த பொருள் சாட்சியாகாது என்று கோட்டை ஒதுக்கிவிட்டார்கள். தாலந்துக்குக் கொலைக் குற்றப் பிரிவிலேயே சிறை கிடைத்தது.

அவனைக் கூட்டிக்கொண்டு போகும்போது அக்கா கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு கம்பிவரை போய்விட்டாள். "ஐயோ, உன்னைக் காப்பாத்தத்தான்டா பூசினேன்" என்று கதறினாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

தாலந்த் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"நான்தான் சொன்னேனேம்மா, அவன் குழலைப் புடிச்சு இழுத்தான்னு. நீ நம்பவே இல்லையா?"