செல்லாத மூன்று வருடங்கள்

என் மூன்று வருடங்களைத் திருடியவர் பதுளையில் இன்னும் ஆடிட்டராக நடமாடுகிறார். போன வாரம் என் மகளின் பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் அவர்தான் பிரதம விருந்தினர். நேர்மையைப் பற்றிப் பேசினார். என்னால் உட்கார முடியவில்லை. வெளியே வந்து நடந்தேன்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் தேயிலைத் தூள் நிறுத்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய ஆபீசிலும் இதே வாசனைதான். தோட்டங்களிலிருந்து வரும் பில் கட்டுகளை அவிழ்த்தால் தூள் கொட்டும், தும்மல் வரும். நானும் பஸீரும் அங்கே பயிற்சிக்கு இருந்தோம். நான் மடுல்சீமைத் தோட்டத்து லயத்துக்காரி. அவன் டவுன் துணிக்கடைக்காரர் மகன். கணக்காளராகப் பரீட்சை மட்டும் போதாது. அனுமதிப்பத்திரம் உள்ள ஒருவரிடம் மூன்று வருடம் வேலை பழகி, அவர் கையெழுத்திட்ட பயிற்சிப் புத்தகத்தைக் கொழும்பில் கணக்காளர் சங்கத்தில் காட்ட வேண்டும். அப்போதுதான் நமக்கும் அனுமதி. அதற்காகத்தான் பஸ் வராத நாட்களில் கோவா ஏற்றிய மரக்கறி லொறியில் தொற்றிக்கொண்டு வந்தேன். ஒருநாள் தலையில் கோவா இலையோடு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

ஆடிட்டர் சாரின் அனுமதிப்பத்திரம் கண்ணாடிச் சட்டத்தில் சுவரில் இருந்தது. அதன் கீழ்ப்பாதியை மறைத்தபடி பஸீரின் வாப்பா கடைக் கலண்டர். வருடா வருடம் அவனே கொண்டுவந்து மாட்டுவான். ஊரார் பில்லையெல்லாம் பச்சைப் பென்சிலால் சரி பார்த்த நான், தூசி தட்டும்போதுகூட அந்தக் கலண்டரைத் தூக்கிப் பார்க்கவில்லை. சாரைப் போய்ச் சந்தேகப்படுவதா?

கொழும்பில் என் புத்தகத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள். நான் சேர்வதற்கு முந்தைய வருடமே அவருடைய அனுமதி முடிந்துவிட்டதாம். புதுப்பிக்கவே இல்லையாம். அந்தத் திகதி கலண்டருக்குப் பின்னால்தான் இருந்திருக்கிறது. அவர் போட்ட கையெழுத்து ஒன்றும் செல்லாது.

திரும்பி வந்து கேட்டேன். ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "ஏம்மா, வேலை பழகினியா இல்லையா? பழகினது பொய்யாயிருமா?"

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போது நினைத்தாலும் என்னையே அறையத் தோன்றுகிறது.

படியிறங்கும்போது பஸீர் சொன்னான்: "கலண்டர மாட்டினவன் நான். பாக்காதவ நீ. நல்ல ஆடிட்டருங்கதான் நாம."

அவன் கட்டாருக்குப் போய்விட்டான். சார் பிறகு சத்தமில்லாமல் அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டார். அப்பா இல்லாத வீட்டில் இன்னொரு மூன்று வருடம் பயிற்சிக்குப் போக எனக்கு வழியில்லை. இன்றும் கிளார்க்தான். நான் தயாரிக்கும் அறிக்கைகளின் அடியில் வேறு யாரோ கையெழுத்துப் போடுகிறார்கள். சார் வேறு இடத்துக்கு மாறிவிட்டார், அந்த ஆபீஸ் இருந்த மாடியில் இப்போது போன் திருத்துகிறார்கள். பயிற்சிப் புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டது.

சார், மேடை உங்களுக்குப் பழக்கம்தானே. பதுளைச் சனங்கள் முன்னால் ஏறிச் சொல்லுங்கள்: அனுமதி இல்லையென்று தெரிந்துதான் எங்கள் புத்தகங்களில் கையெழுத்துப் போட்டீர்களா, இல்லையா?