கோட்டின் மூன்றாவது பொத்தான்

அவளை எல்லோரும் பதிவக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கேக் செய்பவர், கல்யாண உடை தைப்பவர், நாற்காலி வாடகைக்கு விடுபவர் என்று ஒன்பது பேர் அவளை நம்பியிருக்கிறார்கள். பெரிய திருமண நிறுவனங்கள் இணையத் தேடலின் முதல் பக்கத்தை வளைத்துப் போட்டுக்கொள்ள, இவர்கள் பெயர் யாரும் எட்டிப் பார்க்காத ஆறாம் பக்கத்தில் கிடக்கும். அதை மேலே ஏற்ற, அவர்களுக்காக வலைப்பதிவு எழுதுவது அவள் தொழில். காப்பீட்டு அலுவலகத்தில் புகார்க் கடிதங்களுக்குப் பதினான்கு வருடம் பதில் எழுதியவள். கிளையை மூடியபோது கையில் மிஞ்சியது எழுத்துதான்.

சாப்பாட்டு மேசையின் ஜன்னலோர முனைதான் அலுவலகம். வேலை முறையும் அவளுக்கென்று ஒன்று உண்டு. ஆளை உட்கார வைத்துப் பேட்டி எடுக்கமாட்டாள். அவர்கள் கை வேலையில் இருக்கும்போது போனில் பேசவைப்பாள். கை சும்மா இருந்தால் மனிதர்கள் அலங்காரமாகப் பேசுவார்கள் என்பது அவள் அனுபவம். படங்களில் முகத்தைப் பார்ப்பதே இல்லை. பார்ப்பதெல்லாம் உடையின் விளிம்பு, மேசை விரிப்பு, பூ. "பொண்ணு அழகா இருந்தா எனக்கென்ன? தையல் நேரா இருக்கா, அதைச் சொல்லு" என்பாள்.

ஒன்பது பேரில் அவளுக்கு அதிகக் கவலை தந்தவர் பூக்காரம்மா. பேருந்துப் பணிமனைக்குப் பின்னால், டயர் கடைக்குப் பக்கத்தில் கடை. கைவேலை அப்படி ஒரு சுத்தம். ஆனால் அந்தச் சந்தில் நுழைய யாருக்குத் தோன்றும்? ஏழு பதிவுகள் எழுதியும் ஒரு போன் வரவில்லை. கடையின் குத்தகை இன்னும் இரண்டு மாதம். அதற்குள் ஆள் வரவில்லையென்றால் கதவைச் சாத்திவிட்டு யாரிடமாவது கூலிக்குப் போகவேண்டியதுதான்.

எட்டாவதாகக் கிடைத்தது ஒரு சின்னத் திருமணம்.

"மாப்பிள்ளைக்கு எழுபத்திரண்டு அக்கா. பொண்ணுக்கு அறுபத்தெட்டு" என்றார் பூக்காரம்மா, காம்புகளை வெட்டிக்கொண்டே. கத்தரியின் சத்தம் போனில் கேட்டது. "பதிவு அலுவலகத்துல கையெழுத்து, அப்புறம் ஒரு மாடி அறையில பன்னிரண்டு பேருக்குச் சாப்பாடு. அவரே வந்து அரைமணி நேரம் நின்னு பூ எடுத்தாரு. மூஞ்சியை மட்டும் போட்டுடாதேம்மான்னாரு. பிள்ளைங்களுக்கு இன்னும் சொல்லலையாம்."

"அடப்பாவமே! கெழவருக்குக் குறும்பைப் பாரு" என்று சிரித்தபடியே தட்டச்சு செய்தாள் பதிவக்கா.

பூக்காரம்மா கழுத்துக்குக் கீழே வெட்டி அனுப்பிய படங்களோடு, 'பன்னிரண்டு பேர் திருமணத்துக்கு என்ன பூ?' என்ற தலைப்பில் பதிவு போனது. கடைசியில் 'அன்புக்கு வயது தெரியாது' என்று ஒரு வரி சேர்த்தாள். இந்த மாதிரி வரிகளை அவள் உப்புப் போடுவதுபோலப் போடுவாள். யோசிப்பதில்லை.

அந்தப் பதிவு பிய்த்துக்கொண்டு போனது. யார் யாரோ பகிர்ந்தார்கள். ஐந்தே நாளில் பூக்காரம்மாவுக்குப் பதினொரு விசாரிப்புகள். "டயர் கடைக்காரன் வந்து என்னம்மா கூட்டம்னு கேக்கறான் அக்கா!" என்று போனில் கத்தினார்.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு வாசகர் பதிவின் கீழே கேட்டிருந்தார்: மாப்பிள்ளை கோட்டில் குத்தியிருக்கும் வெள்ளைப் பூவின் பெயர் என்ன? பார்த்துச் சொல்லலாமென்று, அவற்றோடு வந்து திறக்காமலே கிடந்த மூலப்படத்தை அவள் திறந்து பெரிதாக்கினாள். பூ தெரிந்தது. அதற்குக் கீழே கோட்டின் பொத்தான்கள் தெரிந்தன. நான்கு கறுப்புப் பொத்தான்கள். மூன்றாவது மட்டும் நீல நூலில், கோணலாகத் தைக்கப்பட்டிருந்தது.

அவளுடைய தையல்.

அம்மாவை அடக்கம் செய்த அன்று காலை, அப்பா கோட்டைப் போடும்போது பொத்தான் தெறித்து விழுந்தது. வீட்டில் கறுப்பு நூல் இல்லை. அவரை நிற்கவைத்தே, கண்ணீரில் ஊசி தெரியாமல், கிடைத்த நீல நூலில் தைத்தாள். நான்கு வருடமாகிறது.

படத்தை மேலே நகர்த்தினாள். சவரம் செய்த தாடை. சிரிப்பு. அப்பா!

மின்விசிறி சுற்றுகிறதா என்று ஏனோ நிமிர்ந்து பார்த்தாள். எழுபத்திரண்டு என்று தன் கையாலேயே எழுதியிருக்கிறாள். அப்பாவுக்கும் எழுபத்திரண்டு என்பது அவள் புத்தியில் உறைக்கவே இல்லை. திருமணம் நடந்து மூன்று வாரம். மூன்று ஞாயிறும் அப்பா வீட்டுக்குப் போயிருக்கிறாள். மனிதர் எதிரே உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காததுபோல ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

பூக்காரம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அந்தப் பதிவை எடுக்கப் போறேன்."

"என்னக்கா சொல்றீங்க? எழுதின நீங்களே..."

"மாப்பிள்ளை எங்கப்பா."

அந்தப் பக்கம் கத்தரி கீழே விழும் சத்தம். பிறகு, "சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா" என்றார். இன்னும் தணிந்த குரலில், "இப்பதான் போன் அடிக்க ஆரம்பிச்சிருக்கு. சாயங்காலம் வரைக்கும் பொறுங்க. எனக்காக."

அப்பாவின் வீடு மூன்றாம் மாடி. ஒரு மூச்சில் ஏறி மணியை அடித்தாள். கதவைத் திறந்த அம்மாளை அவளுக்குத் தெரியும். மருந்துக்கடையில் இருபது வருடமாக நிற்கும் அம்மாள். போன மாதம்கூட இவளுக்கு இருமல் மருந்து எடுத்துத் தந்தார், மூடியில் அளவைக் கோடு போட்டுக் காட்டி.

"உள்ள வாம்மா" என்றார் அந்த அம்மாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அப்பா செய்தித்தாளை மடித்தார். மடித்ததையே மறுபடி மடித்தார்.

"ஞாயித்துக்கிழமை இவங்க எங்க இருப்பாங்க?" அவளுக்கு முதலில் வந்த கேள்வி அதுதான்.

"தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவா. நீ கிளம்பினதும் வருவா."

"திருட்டுத்தனமா! அந்தக் கல்யாணப் பூப் பதிவை எழுதினதே நான்தான், நீல நூல் பொத்தானைப் பாத்துத்தான் எனக்கே தெரிஞ்சுது. ஏம்ப்பா, நான் என்ன ஊராளா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லத்தான் இருந்தேன். அந்த வாரம்தான் நீ வந்து ஒரு கதை சொன்னே. யாரோ கேக்காரர்கிட்ட வயசான ஜோடி ஒண்ணு ரெண்டடுக்குக் கேக் கேட்டாங்கன்னு. 'பல்லு போன காலத்துல கேக்கு ஒரு கேடா'ன்னு சிரிச்சே. உன் வீட்டுக்காரரும் சிரிச்சாரு. நானும் சேர்ந்து சிரிச்சேன்."

அவளுக்கு நினைவிருந்தது. மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தது நினைவிருந்தது.

"பூக்கடையும் நீ சொன்னதுதான்" என்றார் அப்பா. "நல்ல கைக்காரி, ஒருத்தரும் போறதில்லைன்னு வாராவாரம் புலம்புவியே. சரி, நாமளாவது போவோம்னு போனோம்."

ஏழு பதிவில் வராத ஆள், அவள் சாப்பாட்டுப் பேச்சைக் கேட்டு வந்திருக்கிறார்.

அந்த அம்மாள் தேநீர் கொண்டுவந்து வைத்தார். "அந்தப் பூக்கடைப் பதிவை நாங்களும் படிச்சோம். அந்தக் கடைக்கு நீதான் எழுதறேன்னு எங்களுக்குத் தெரியாது. கடைசி வரி வந்ததும் இவர் போனைக் கீழ வெச்சுட்டாரு. 'எவளோ பெத்த பொண்ணு எழுதறா பாரு, என் பொண்ணு இப்படி நினைக்கமாட்டா'ன்னாரு."

அவள் எடுத்த கோப்பையைக் குடிக்காமலே மேசைமேல் வைத்தாள்.

"அந்தப் பொத்தானை நான் கறுப்பு நூல்ல மாத்தித் தைக்கறேன்னேன்" என்றார் அந்த அம்மாள் மெதுவாக. "கைய வைக்காதேன்னுட்டாரு."

அப்போது போன் அடித்தது. பூக்காரம்மா. "அக்கா, எடுத்துட்டீங்களா?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் காதைத் தீட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

"இல்லை. அது அப்படியே இருக்கட்டும். கடைசி வரியை மட்டும் எடுத்துடறேன். நினைச்சு எழுதினதில்லை அது."

"ஏய், ஏய்!" அப்பா எழுந்தே விட்டார். "அதை எதுக்கு எடுக்கறே? இருக்கறதுலயே அதுதான் நல்லா இருக்கு. பூக்காரம்மா பொழப்பைக் கெடுக்காதே."

"கேட்டுச்சுக்கா" என்றார் பூக்காரம்மா போனில். "மாப்பிள்ளையே சொல்லிட்டாரு."

அவள் சிரிக்கவில்லை. ஆறிய தேநீரை முழுவதும் குடித்தாள். கோப்பையைக் கழுவப் போனாள். சமையலறையில் கரண்டிகள் இடம் மாறியிருந்தன. எந்த இழுப்பறையில் வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்த அம்மாள் வந்து வாங்கிக்கொண்டார்.

வாசலில் செருப்பை மாட்டினாள். "வரேம்ப்பா" என்றாள். பிறகு அந்த அம்மாளைப் பார்த்து நின்றாள். எந்த உறவுமுறையும் வாயில் வரவில்லை.

"வரேங்க" என்றாள். "ஞாயித்துக்கிழமை எங்கயும் போயிடாதீங்க."