சிட்டுவின் தொடையும் சத்து மாத்திரைக் கூட்டமும்

என் தலையில் முடி கொட்டியபோது ஊரில் ஒருத்தரும் கவலைப்படவில்லை. என் நாய்க்குக் கொட்டியதும் கடலூரே கூடி யோசனை சொல்ல வந்துவிட்டது!

சிட்டு எங்கள் வீட்டுச் சிப்பிப்பாறை. நாலு வயசு. ஒட்டின வயிறு, நீளக் கால், ஓடுவதற்கென்றே பிறந்த ஜாதி. காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் அவிழ்த்து விட்டால், நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுப்பதற்குள் முகத்துவாரம் வரை போய்த் திரும்பி வந்திருக்கும். நல்ல பசி, நல்ல தூக்கம். சீக்கு என்று ஒரு நாள் படுத்ததில்லை.

சில மாதங்களுக்கு முன் அதன் பின்னந்தொடை இரண்டிலும் முடி உதிர ஆரம்பித்தது. அரிப்பு இல்லை, புண் இல்லை, நாற்றம் இல்லை. சும்மா... முடி மட்டும் போய், தொடை இரண்டும் மொழுமொழுவென்று ஆகிவிட்டது.

சிதம்பரத்தில் கெட்டிக்கார கால்நடை டாக்டரம்மா ஒருத்தர் இருக்கிறார் என்றார்கள். அழைத்துப் போனேன். தோலைச் சுரண்டிப் பார்த்தார். ரத்தம் எடுத்தார். தைராய்டு வரைக்கும் டெஸ்ட் செய்தார். ரிசல்ட் எல்லாம் வந்ததும் சிட்டுவின் காதைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"நல்லா இருக்கு சார். இந்த மாதிரி ஓடுற நாய்ங்களுக்குத் தொடையில முடி கொட்டுறது உண்டு. ஏன்னு இன்னும் யாருக்கும் சரியாத் தெரியல. சிலதுக்குத் தானா முளைக்கும், சிலதுக்கு முளைக்காது. அதுபாட்டுக்கு இருக்கட்டும், விட்டுடுங்க."

"சத்து மாத்திரை ஏதாச்சும்...?"

"அதுக்குத்தான் சத்து எதுவும் குறையலையே. எதுக்கு?"

எனக்கு வந்ததே கோபம்! இதைக் கேட்பதற்கா அவ்வளவு தூரம் போனேன்? பி.முட்லூர் தாண்டுவதற்குள் அந்த அம்மாவை மனசுக்குள் டாக்டர் வேலையிலிருந்தே தூக்கிவிட்டேன்.

நம் லட்சணம் இதுதான். ஒரு முழத்துக்குச் சீட்டு எழுதுகிறவர்தான் டாக்டர். 'தெரியாது, சும்மா விடுங்கள்' என்று நேர்மையாகச் சொன்னால், 'இந்தம்மா எங்க படிச்சுது?' என்று கேட்போம். வெறுங்கையோடு வீடு திரும்புவது நமக்கு அவமானம். மாத்திரை இல்லாத கவரை எப்படிப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறுவது?

இரண்டு நாள் கழித்து கடற்கரையில் டிராக் சூட் போட்ட ஒரு மனிதர் தன் மகளை வெடுக்கென்று இழுத்தார். "கிட்டப் போவாத பாப்பா... சொறி நாய்!"

சொறி நாயா? என் சிட்டுவா? அந்த ஆள் நூறடி ஓடினால் ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டும். அவர் என் நாயைப் பழிக்கிறார்! நாய்க்கு ரோஷம் வரவில்லை. எனக்கு வந்துவிட்டது. அங்கே புத்தி கெட்டதுதான்.

எங்கள் வாக்கிங் கோஷ்டி ஏழு பேர். நடப்பது அரை மணி, டீக்கடையில் பேசுவது ஒரு மணி. அன்றைக்கு சபையில் சிட்டுவின் தொடைதான் சப்ஜெக்ட். பயோட்டின் என்றார் ஒருவர். ஜிங்க் என்றார் இன்னொருவர். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர் கொலாஜன் கொடுக்கச் சொன்னார்.

"கொலாஜன்னா என்ன சார்?"

"அது உள்ள போயி வேல செய்யும்."

டவுன் பஸ் கண்டக்டர்கூட உள்ளே போய்த்தான் வேலை செய்கிறார். அவரையும் கரைத்துக் கொடுத்துவிடலாமா?

இப்படி அவர்களைக் கேலி பண்ணிவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? ஷாகுல் கொடுத்த டப்பாவை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஷாகுல் பரங்கிப்பேட்டைக்காரன், என்னோடு காலேஜில் படித்தவன். இருபது வருஷமாக ஷார்ஜா. இந்த லீவில் கடலூரில் மாமனார் வீட்டில் தங்கி, காலையில் எங்கள் கோஷ்டியோடு நடக்க வந்துகொண்டிருந்தான். முன்பெல்லாம் லீவில் வரும்போது சோப்பு, சென்ட், தைலம் என்று கொண்டு வருவான். இப்போது பெட்டி நிறைய சத்து மாத்திரை. மனைவிக்கு ஒன்று, மாமனாருக்கு ஒன்று, மச்சானுக்கு ஒன்று. யாருக்கு என்ன குறை என்று கேட்பதே இல்லை. பாசம் இப்போது மில்லிகிராம் கணக்கில் வருகிறது.

"மச்சான், அங்க ரேஸ் நாய்ங்களுக்கு இதத்தான் குடுக்குறாங்க. ஒட்டகத்துக்கே குடுக்குறாங்கன்னா பாத்துக்கோயேன். இன்ஷா அல்லாஹ், ஒரு மாசத்துல முடி வந்துரும்."

"ஒட்டகத்துக்கு எங்கடா முடி?"

"நொய் நொய்னு பேசாத. குடு."

கொடுத்தேன். டப்பாவின் மேல் பளபளவென்று ஒரு வெள்ளைக்கார நாய் சிரித்துக்கொண்டிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்பதை எறும்பு படிக்கிற சைஸில் அச்சடித்திருந்தார்கள். எறும்பு படித்திருக்கும். நான் படிக்கவில்லை.

ஐந்தாவது வாரம். காலையில் கடற்கரையில் சிட்டுவை அவிழ்த்து விட்டேன். ஓடவில்லை. மணலில் உட்கார்ந்துவிட்டது. "ஓடுடீ" என்று முதுகில் தட்டினேன். என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு அப்படியே படுத்துவிட்டது.

வீட்டுக்குத் தூக்கி வந்தேன். வாளித் தண்ணீரை மடமடவென்று குடித்தது. குடித்ததை வாந்தி எடுத்தது. இரண்டு நாளாகவே ஜாஸ்தியாகத் தண்ணீர் குடிப்பதும், வீட்டுக்குள் மூத்திரம் போவதுமாக இருந்தது. வெயில் காலம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். என் மனைவி ஸ்டெல்லா சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனாள். முகத்தைத் திருப்பிக்கொண்டது.

காரில் போட்டுக்கொண்டு மறுபடி சிதம்பரம். நான் பதவி நீக்கம் செய்த அதே டாக்டரம்மாவிடம்தான், வேறெங்கே போவது? வழியெல்லாம் ஸ்டெல்லா சிட்டுவை மடியில் போட்டுக்கொண்டு 'மாதாவே, மாதாவே' என்று வந்தாள்.

"என்ன குடுத்தீங்க?" என்றார் டாக்டர்.

"ஒண்ணும் குடுக்கல டாக்டர்." வாய் கூசாமல் சொன்னேன்.

ரத்த ரிசல்ட் வந்தது. ரத்தத்தில் கால்சியம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. டாக்டர் பேனாவை மேஜைமேல் வைத்தார். "சார், இது தானா ஏறாது. உண்மையச் சொன்னாத்தான் நாய் பொழைக்கும். என்ன குடுத்தீங்க?"

ஷாகுலின் மாத்திரையைச் சொன்னேன். தினமும் ஒன்று.

ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டாள். "நான்... வாசல்ல மீன் விக்கிற அக்காகிட்ட சுறா ஈரல் எண்ண வாங்கி, தெனமும் சோத்துல ரெண்டு ஸ்பூன் ஊத்தினேன் டாக்டர். இவுங்ககிட்ட சொன்னா கிண்டல் பண்ணுவாங்கன்னு சொல்லல."

அந்த மாத்திரையில் என்னென்ன இருக்கிறது என்று கேட்க ஷாகுலுக்குப் போன் போட்டேன். கால்சியம், வைட்டமின் டி என்று படித்துச் சொன்னவன், ஸ்பீக்கரில் இன்னொன்றையும் சொன்னான். "மச்சான்... நீ எங்க ஒழுங்காக் குடுக்கப்போறன்னு நெனச்சி, டீக்கடையில பன்னுக்குள்ள வச்சி நானும் தெனம் ஒண்ணு குடுத்தேன்டா."

டாக்டர் என்னைப் பார்த்தார். "வேற?"

வேறும் இருந்தது. எனக்கு எலும்பு வீக் என்று வாரம் ஒன்று சாப்பிடச் சொல்லி எழுதித் தந்த வைட்டமின் டி மாத்திரை. முடிக்கும் அது நல்லது என்று யாரோ ஒரு வீடியோவில் சொன்னான். ஞாயிறு பூசைக்குப் போய்வந்ததும் எனக்கு ஒன்று, சிட்டுவுக்கு ஒன்று. அது துப்பும். நான் விடுவேனா? தாடையைப் பிளந்து, தொண்டைக்குள் விரலால் தள்ளி, விழுங்கும்வரை வாயை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். நல்லதுக்குத்தானே!

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட தேவலாம். "நாலுலயுமே வைட்டமின் டி இருக்கு சார். மிஞ்சினா வெளிய போவாது, ஒடம்புலயே தங்கிடும். அளவு மீறினா அது சத்து இல்ல, வெஷம். கிட்னி தாங்குமான்னு நாலு நாள் போனாத்தான் சொல்ல முடியும்."

ஒரு சீக்கும் இல்லாத ஜீவன். ஓடிக்கொண்டிருந்த ஜீவன். அதற்கு மூன்று படித்த ஜென்மங்கள் போட்டிபோட்டு, ஒருவருக்கொருவர் தெரியாமல், பாசத்தோடு விஷம் வைத்திருக்கிறோம். அதன் தொடையில் முடி இல்லாததால் அதற்கு என்ன கஷ்டம்? ஒரு கஷ்டமும் இல்லை. கஷ்டமெல்லாம் எங்களுக்குத்தான். டிராக் சூட்காரன் என்ன நினைப்பானோ என்கிற கஷ்டம்!

கீழ வீதிப் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கினோம். நாலு நாளும் பகல் முழுக்க கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சிட்டுவின் முன்னங்காலில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. மூன்றாவது நாள் ஷாகுல் வந்தான். கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான். நானும் அழுதேன். ஸ்டெல்லா மட்டும் அழவில்லை. எங்கள் இரண்டு பேரையும் அவள் பார்த்த பார்வை இருக்கிறதே... அதற்கு நாங்கள் தகுதியானவர்கள்தான்.

பிழைத்துவிட்டது. கிட்னி தப்பித்தது. மாசாமாசம் ரத்தம் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். மாத்திரை எதுவும் எழுதவில்லை. கை கூப்பிவிட்டு வந்தேன்.

இப்போது மறுபடியும் ஓடுகிறது. முன்பு மாதிரி முகத்துவாரம் வரை இல்லை, பாதி தூரம். தொடை அதே மொழுமொழுதான். முந்தாநாள் டீக்கடையில் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் கேட்கிறார்: "பரவால்லியே, தேறிடுச்சே! என்ன டானிக் சார் குடுத்தீங்க?" திருந்துவோம் என்கிறீர்களா?

ஒரே ஒரு மாற்றம். ஸ்டெல்லா ஊட்டினால் சாப்பிடுகிறது. டீக்கடைக்காரர் பன் நீட்டினால்கூட முகர்ந்து பார்த்துவிட்டு வாங்கிக்கொள்கிறது. நான் கையில் எதை வைத்துக்கொண்டு போனாலும் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறது. தட்டில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு நான் வெளியே நிற்க வேண்டும். பிறகுதான் அது சாப்பிடுகிற சத்தம் கேட்கிறது.

வீட்டில் ஒருத்தருக்காவது புத்தி இருக்கிறதே என்று நானும் வெளியிலேயே நிற்கிறேன்.