ஏழு ஜென்மத்துப் பாம்பும் எதிர்வீட்டு மோட்டாரும்

மூவாயிரம் வருஷம் கழித்துப் பிறக்கப்போகிற மனுஷர்களுக்கு ஜிப்பை மறைத்துத் தைக்கத் தெரியாது. இதை நான் டிவி பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் ஒரு விஞ்ஞானத் தொடர் போட்டார்கள். அதில் ஒரு விஞ்ஞானி காலத்தைத் தாண்டிப் போகிற மிஷின் ஒன்று வைத்திருந்தார். பார்க்க மாவு மில்லில் அரிசி கொட்டுகிற வாய் மாதிரியே இருக்கும். அதற்குள் இறங்கி உட்கார்ந்து ஒரு சிவப்பு பல்பை எரியவிட்டால் எதிர்காலம் வந்துவிடும். அங்கே ஆணும் பெண்ணும் வெள்ளிக் கலர் துணியில் கழுத்திலிருந்து கால்வரை ஒரே உறையாகத் தைத்துப் போட்டுக்கொண்டு நிற்பார்கள். முதுகில் ஜிப், அதுவும் கோணல். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். குன்னத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில், பழைய ஜாக்கெட்டுகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தே தையல் பழகியவள். எனக்கே தெரிந்த ஒரு வேலை, பக்கத்துக் கிரகத்துக்குக் காலைச் சாப்பாட்டுக்குப் போய்வருகிறவர்களுக்குத் தெரியவில்லை என்றால் மனுஷ ஜாதியை நினைத்துக் கவலைப்படாமல் என்ன செய்வது?

அந்தக் கிரகங்களைப் பற்றியும் எனக்கு ஒரு கருத்து உண்டு. எதில் போய் இறங்கினாலும் அது அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் குவாரி மாதிரியேதான் இருந்தது. வெளுத்த பள்ளம், நடுவில் ஒரு கருவேல மரம். என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் சிமெண்ட் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் அவரும் உட்கார்ந்து பார்த்தார். “இங்க போறதுக்கா ராக்கெட்டு? டீசல் போட்டா நானே கொண்டுபோய் வுட்டுட்டு வந்துருவேன்” என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

விஞ்ஞானத் தொடருக்கு எங்கள் தெருவில் என்னைத் தவிர ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை ஏழரை மணிப் பாம்புக்குத்தான் கூட்டம். இரண்டாயிரத்து மூன்று வாக்கில், மழை ஏமாற்றிய வருஷங்களில், எங்களுக்குத் தவறாமல் வந்தது அந்தப் பாம்பு ஒன்றுதான்.

கதை ரொம்பச் சின்னது. ஒரு நாகப் பெண்ணின் ரத்தினத்தை ஒரு மந்திரவாதி திருடிவிடுகிறான். அதை வாங்க அவள் ஏழு ஜென்மம் எடுக்கிறாள். அவனும் அதே ஏழு ஜென்மத்திலும் அதே மீசையோடு பிறக்கிறான். அவளுக்கு இல்லாத சக்தி கிடையாது. பறப்பாள், கண்ணாலேயே தீ வைப்பாள், யானை உருவம்கூட எடுப்பாள். ஆனால் அவன் ஓர் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டால் வெளியே நின்று கதவைத் தட்டி அழுவாள்.

பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற சின்னம்மா எங்கள் தெருவின் பெரிய வாய். அதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “பாம்பாப் பொறந்தும் கதவிடுக்குல பூரத் தெரியல. இவளுக்கு எதுக்குடி ரத்தினம்?”

சொல்லிவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் முன்னால் வந்து உட்காருவார்.

என் வீட்டு முன்னறையில்தான் தையல் மிஷினும் டிவியும் இருந்தன. எட்டொன்பது பெண்கள் வருவார்கள். அவர்களில் எனக்கு ரொம்ப நெருக்கம் எதிர்வீட்டுக்காரி. அவள் புருஷன் என் வீட்டுக்காரருக்குப் பங்காளி முறையில் தம்பி. அதனால் எனக்குக் கொழுந்தன். தொடரை அவள் அளவுக்குக் கவனித்துப் பார்க்கிறவர்கள் கிடையாது. நாகப் பெண் கதவுக்கு இந்தப் பக்கம் பச்சை ஜாக்கெட்டில் அழுதுவிட்டு அந்தப் பக்கம் நீல ஜாக்கெட்டில் நுழைந்ததை முதலில் பிடித்தவள் அவள்தான். “அக்கா, இவ சட்டைதான உரிப்பா, ஜாக்கெட்டயுமா உரிக்கிறா?” என்று கேட்டாள். அந்த ஜாக்கெட் மாதிரியே முதுகில் படம் விரித்த கழுத்து வைத்து நான் பதினாலு பேருக்குத் தைத்துக் கொடுத்தேன். தொடரைக் கேலி பேசியே அதில் பிழைத்தவள் நான். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இப்போது மோட்டார் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கம் கிணற்று மோட்டாருக்கு மும்முனைக் கரண்ட் வேண்டும். அது குறிப்பிட்ட நேரம்தான் வரும். மற்ற நேரத்தில் இரண்டு முனைதான். அதில் டிவி ஓடும், விளக்கு எரியும், மோட்டார் ஓடாது. ஓடவைக்க வேண்டுமென்றால் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் ஒரு கண்டன்சரை மாட்டுவார்கள். மாட்டக் கூடாது. எல்லாரும் மாட்டுவார்கள். அப்படி ஒருத்தர் மோட்டாரைப் போட்டால் தெருவிலுள்ள டிவியெல்லாம் சுருங்கும். இரண்டு பக்கமும் கறுப்பு ஏறி, படம் நடுவில் ஒரு ரிப்பன் மாதிரி நிற்கும். ஸ்டெபிலைசர் டக் டக்கென்று அடித்துக்கொள்ளும். ஏழு ஜென்மத்துப் பாம்பு மண்புழு ஆகிவிடும்.

அந்தத் தை மாசம் வெள்ளிக்கிழமை தவறாமல் எங்கள் பாம்பு மண்புழு ஆனது. போட்டது எதிர்வீட்டு மோட்டார்.

கொழுந்தன் கார்த்திகையில் அரை ஏக்கர் சின்ன வெங்காயம் நட்டிருந்தார். முந்தின வருஷம் கருகிப்போனதில் மிச்சம் பிடித்து வைத்த விதை அவ்வளவுதான். வெங்காயம் திரள்கிற நேரம் பார்த்துக் கிணறு வற்றியது. காலையில் மும்முனை வரும்போது ஊறியிருக்கும் தண்ணீர் பாதிப் பாத்திக்குத்தான் எட்டும். மறுபடி ஊறப் பொழுது சாய்ந்துவிடும். ஊற்றுக்கண் மட்டத்துக்கு வந்துவிட்டால் அதற்கு மேல் ஊறாது. சாயங்காலத் தண்ணீரை எடுக்காமல் விட்டால் காலையிலும் அதே அளவுதான் இருக்கும். ஆக, மீதிப் பாத்திக்கு அந்த ஏழரை மணி அரைமணி நேரத்தை விட்டால் வழி கிடையாது. வெங்காயம் போனால் அவரும் போகவேண்டியதுதான். அவருடைய கூடப்பிறந்த அண்ணன் முந்தின வருஷமே வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் குடும்பத்தோடு போய்விட்டார். தம்பியும் ஒரு பூட்டு வாங்கி வைத்திருக்கிறார் என்று எதிர்வீட்டுக்காரி என்னிடம் மட்டும் சொன்னாள்.

கூட்டத்தில் அவள் அதைச் சொல்லமாட்டாள். படம் சுருங்கும்போது எல்லாரும் திட்டுவார்கள். அவளும் சேர்ந்து, “எவன் வூட்டு மோட்டருன்னு தெரியலயே” என்பாள். எவன் வீட்டு மோட்டார் என்று அந்த அறையில் தெரியாதவர்கள் யாரும் இல்லை.

“தெரியலயா?” என்று சின்னம்மா ஒருநாள் பிடித்துக்கொண்டார். “அடுத்த தடவ லைன்மேன் வரட்டும், கையப் புடிச்சு இட்டுட்டுப் போயிக் காட்டிவுடறேன். கண்டன்சரப் புடுங்கிட்டுப் போனா அப்ப தெரியும்.”

எதிர்வீட்டுக்காரி புடவைத் தலைப்பின் நூலை உருவிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு இடைவேளை முடிந்ததும் எழுந்து போய்விட்டாள்.

அடுத்த வாரம் முழுக்க விளம்பரம். இந்த வெள்ளிக்கிழமை முடிவு, நாகப் பெண் ரத்தினத்தை எடுக்கும் நாள், காணத் தவறாதீர்கள் என்று இடியும் மின்னலுமாகப் போட்டுக் காட்டினார்கள். பெண்கள் நாலு மணிக்கே உலை வைத்தார்கள். சின்னம்மாவின் மகள் வரதராஜன்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். அவள் வீட்டில் டிவி இருக்கிறது. “தனியாப் பாத்தா பயம் வரமாட்டேங்குது” என்றாள்.

ஏழரைக்குத் தொடங்கியது. மந்திரவாதி ஓர் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டான். ஏழு ஜென்மத்தில் அவன் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். அவள் கதவைப் பார்த்து முறைத்தாள். அவளை ஒரு தடவை, கதவை ஒரு தடவை, மறுபடி அவளை என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே படம் சுருங்கத் தொடங்கியது. முதலில் கதவு போனது. பிறகு அவள் கை போனது. கடைசியில் ஒரு மூக்கு மட்டும் நின்றது.

“போயி உன் புருஷன அந்த மோட்டர நிறுத்தச் சொல்லிட்டு வா” என்றார் சின்னம்மா. அந்தப் பேச்சு முதன்முதலாக நேராக வந்தது.

எதிர்வீட்டுக்காரி எழுந்திருக்கவில்லை. அதற்குள் கொழுந்தனே வந்துவிட்டார். முழங்கால் வரைக்கும் சேறு, கையில் டார்ச். வாசலில் நின்று என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

“அண்ணி, ஒரு அரைமணி நேரம் எல்லாத்தயும் அணைக்கச் சொல்லுங்க. இன்னிக்கித் தெரு முழுக்க டிவியும் லைட்டுமா எரியிது. மோட்டர் எடுக்கமாட்டேங்குது, உர்ருன்னு நிக்கிது. விட்டா காயில் எரிஞ்சுரும்.”

“நிறுத்திடேன்” என்றார் சின்னம்மா.

“நாலு பாத்தி தலை சாஞ்சு கெடக்கு சின்னம்மா. நாளைக்கு வெயிலத் தாங்காது.”

“ஏழு ஜென்மமாக் காத்திருந்து இன்னிக்கித்தான் முடியிதுடா.”

அப்போதுதான் எதிர்வீட்டுக்காரி எழுந்து வந்து டிவிக்குப் பக்கத்தில் நின்றாள். தொடரை எங்கள் எல்லாரையும்விட உயிராகப் பார்த்தவள்.

“அவ ஏழு ஜென்மமா அலையிறவ. இன்னும் ஒரு வாரம் அலைஞ்சா ஒண்ணும் ஆவாது. எனக்கு இந்த ஒரு ஜென்மந்தான், அதுலயும் அரை ஏக்கருதான்” என்றாள். என்னைப் பார்த்து, “அணைச்சுரவா அக்கா?” என்று கேட்டாள்.

நான் தலையாட்டுவதற்குள் மூக்கும் போய்விட்டது.

தெருவில் பதினோரு டிவி. அவளும் நானும் ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டோம். ஆறு வீட்டில் உடனே அணைத்தார்கள். மூன்று வீட்டில் டிவியைத் தொடமாட்டோம், மற்றதை அணைக்கிறோம் என்று விளக்கையும் காற்றாடியையும் நிறுத்தினார்கள். ஒரு வீட்டில் கதவையே திறக்கவில்லை. உள்ளே மந்திரவாதி சிரிக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது வயல் பக்கம் உறுமல் மாறி மோட்டார் ஒரே சீராக ஓடத் தொடங்கியது. அவள் அங்கிருந்தே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மடை திருப்ப ஓடினாள்.

என் முன்னறையில் சிம்னி விளக்கு வெளிச்சத்தில் மீதிப்பேர் உட்கார்ந்திருந்தார்கள். சின்னம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். “நீதான் எல்லாந் தெரிஞ்சவளாச்சே, முடிவ நீயே சொல்லு” என்றார்.

எத்தனை மாசமாகக் கேலி பேசியவள், விடுவேனா? சொன்னேன். நாகப் பெண் கதவிடுக்கு வழியாக உள்ளே போனாள். ஒரே கொத்து. மந்திரவாதி செத்தான். ரத்தினத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.



“அவ்வளவுதானா?” என்றார் சின்னம்மா.

“வேற என்ன?”

“சப்புன்னு இருக்குடி. இதுக்கா எம்பொண்ணு பஸ்ஸுக்குக் காசு குடுத்து வந்தா?”

மறுபடி தொடங்கினேன். கதவுக்கு மந்திரக் கட்டுப் போட்டேன். இடுக்கில் மஞ்சள் பூசினேன். அவளை வெளியே நிற்கவைத்து அழவிட்டேன். மந்திரவாதிக்கு ஒரு தம்பியைக் கொண்டுவந்தேன். அறை நிமிர்ந்து உட்கார்ந்தது. மின்னலை மூன்று தடவை வெட்டவிட்டபோது சின்னம்மாவின் மகள் பக்கத்திலிருந்தவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அரைமணி நேரம் சொல்லியும் என் நாகப் பெண் கதவைத் தாண்டவில்லை. தொடர் எழுதுகிறவர்களை நான் எவ்வளவோ பேசியிருக்கிறேன். அந்த அரைமணி நேரம் மட்டும் அவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது. மறுநாள் போய்விட்டது.

மறுநாள் காலையில், கதவைத் திறக்காத வீட்டுக்காரியிடம் முடிவு என்னவென்று கேட்டோம். “எங்க முடிஞ்சுது? கதவு திறந்துச்சு, உள்ள பாத்தா இன்னொரு கதவு. தொடரும்னு போட்டுட்டான்” என்றாள். முடிவு என்று சொன்னவர்கள் எதன் முடிவு என்று சொல்லவில்லை. அது நம் தப்பு.

சின்னம்மா அதற்கப்புறம் லைன்மேனைப் பற்றிப் பேசவில்லை. மன்னித்துவிட்டதாகவும் சொல்லவில்லை. அடுத்த மூன்று வெள்ளிக்கிழமையும் ஏழரைக்குத் தன் வீட்டு மாட்டுக்கொட்டகை விளக்கைத் தானாகவே அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, “இருட்டுல மாடு என்னய மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிது” என்று குறை சொன்னார். எங்களுக்கு மூக்கு மட்டும் தெரிந்தது. மீதியை நான் சொன்னேன்.

மாசியில் வெங்காயம் பிடுங்கினார்கள். பெரிய விளைச்சல் இல்லை. கடைசி நாலு பாத்தி காய் கொஞ்சம் சிறுத்துத்தான் இருந்தது. ஆனாலும் விதைக்கு எடுத்து வைத்து, வியாபாரிக்கும் போடுகிற அளவுக்கு இருந்தது. வாங்கிய பூட்டை அவர்கள் மோட்டார் ரூமுக்குப் போட்டுக்கொண்டார்கள்.

பிடுங்கப் போனவர்கள் என் முன்னறைக் கூட்டம்தான். அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பது மத்தியானத்துக்கு மேல்தான் எல்லாருக்கும் உறைத்தது. மந்திரவாதி இன்றைக்குக் கட்டாயம் சாவான் என்று நான் சொன்னேன். போன வாரமும் இதைத்தான் சொன்னாய் என்றார் சின்னம்மா. அவன் தம்பி ஒருத்தன் புதிதாக வந்திருக்கிறானாம், அந்த யோசனையை இவள்தான் கொடுத்திருப்பாள் என்று என்னைக் காட்டினார். பேச்சில் கைகள் நின்றுவிட்டன.

எதிர்வீட்டுக்காரி இரண்டு பாத்தி தள்ளிக் குனிந்து வெங்காயத் தாளை அறுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“அவன் சாவட்டும், சாவாமப் போவட்டும். இருட்டறதுக்குள்ள இந்தப் பாத்திய முடிங்க” என்றாள்.