நீட்டாத கை

யாரைப் பார்த்தாலும் சித்தியின் கண் முதலில் முகத்துக்குப் போகாது. முழங்கை மடிப்புக்குப் போகும். பஸ் கண்டக்டர், பால்காரர், பட்டமளிப்பு விழாவில் என் பேராசிரியர், ஒருவரையும் விட்டதில்லை. "நல்ல நரம்பு" என்று முணுமுணுப்பாள். பேராசிரியர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மிஷன் ஆஸ்பத்திரியில் ஆயுசு முழுக்க ட்ரிப்ஸ் போட்ட நர்ஸ் அவள். முதலில் அங்கே துணி வெளுத்தாள். டவுன் நர்சுகள் யாரும் அந்தப் பக்கம் வந்து தங்காததால், சுற்று ஊர்ப் பெண்களையே பழக்கினார்கள். பத்தாவது படித்திருந்த சித்தியையும் சேர்த்தார்கள். தேறினால் வெள்ளை உடுப்பு. தவறினால் மறுபடி வெளுப்பறை.

பயிற்சி கொடுத்த சிஸ்டருக்கு ஒரு விதி. நோயாளியைத் தொடுமுன், இருவர் இருவராக, ஒருவர் நரம்பில் மற்றவர் ஊசி ஏற்ற வேண்டும். "குத்துற கைக்குக் குத்து வாங்கவும் தெரியணும்."

சித்திக்கு ரத்தம் பயமில்லை, பிணம் பயமில்லை. தன்னை நோக்கி வரும் ஊசிமுனைதான் பயம். தடுப்பூசிக்காரர் வந்தால் கட்டிலுக்கடியில் ஒளிந்து வளர்ந்தவள். ஊசி ஏற்றிப் பழகும் நாளும் வந்தது.

அவள் ஜோடி ஓர் ஒல்லிப்பெண், எல்லோரும் குருவி என்று கூப்பிடுவார்கள். "முதல்ல நீ போடு" என்று கையை நீட்டினாள். முதல் குத்து தப்பியது. இரண்டாவதும். "என்னடி, கிணறு வெட்டுறியா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள் குருவி. மூன்றாவதில் ரத்தம் எட்டிப் பார்த்தது. சிஸ்டர் தலையசைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

"இப்ப என் முறை."

ரப்பர் பட்டையைக் கட்டியதுதான் தாமதம், சித்திக்குக் காது அடைத்தது. பட்டையை உருவி எறிந்துவிட்டுக் குளியலறைக்குள் ஓடித் தாழ் போட்டாள்.

"உன் ஜோடி எங்க?" வெளியே சிஸ்டர் குரல்.

"போட்டு முடிச்சுட்டேன் சிஸ்டர். வாந்தி வருதுன்னு போனா."

"கூட்டிட்டு வா, பாக்குறேன்."

குருவி கதவைத் தட்டினாள். "தொறடி. வெளுப்பறைக்குப் போறியா?" உள்ளே வந்து, ஊசி படாத முழங்கையில் பஞ்சை வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினாள்.

சிஸ்டரின் விரல் பிளாஸ்திரியின் ஓரம் வரை போனது.

"வலிச்சுதா?"

"ஆமா சிஸ்டர்." கண்ணீர் நிஜமானது. விரல் விலகியது.

அடுத்த வாரம் வார்டில், வயிற்றுப்போக்கில் வற்றிப்போன குழந்தை ஒன்று. ஊசி குருவியின் கையில். காலைப் பிடித்திருந்தது சித்தி. அதுவரை குருவி ஒரு மனித நரம்பையும் தொட்டதில்லை. அது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். ஊசி தப்பியது. மறுபடி தப்பியது. குழந்தைக்கு அழக்கூடத் தெம்பில்லை.

"பழகுறதுக்கு எம்புள்ளதான் கெடச்சுதா?" என்று அலறினாள் தாய்.

குருவி நிமிர்ந்து சித்தியைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் வெள்ளை உடுப்பு போகும். சித்தி குனிந்து குழந்தையின் காலையே பார்த்தாள். கடைசியில் சிஸ்டர் ஊசியைப் பிடுங்கி ஏற்றினார். குழந்தை பிழைத்தது. திட்டு முழுவதும் குருவிக்கு. அவள் வாய் திறக்கவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் திறந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். சித்தியின் இடத்தில் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கத்தான் தைரியமில்லை.

சித்தி ஓய்வு பெற்ற அன்று குருவி வீட்டுக்கு வந்தார். தலை நரைத்திருந்தது. இந்தக் கதையை எனக்குச் சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு புது ஊசியை எடுத்தார்.

"நீட்டுடி, பழைய பாக்கி."

சித்தி துள்ளி எழுந்தாள். முகம் வெளுத்திருந்தது. "அடுத்த தடவை வா, கண்டிப்பா" என்று சொல்லிச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

அடுத்த தடவைக்கு முன்பே சித்தியின் மூச்சு நின்றுவிட்டது. குருவிக்குத் தர வேண்டிய கையைத் தராமலே போய்விட்டாள்.